இரு மின்கிதார்களுள் எதனைத் தேர்வது?

மேகாலயத்தின் மலைப்பள்ளி ஒன்றில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இவ்வேட்டின் அலுவலகத்துக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அப்பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்த்தளித்த தொகையைக் கொண்டு இசைக்கூடத்துக்கு மின்கிதார் வாங்கவேண்டும். ஒன்று வாங்கத்தான் பணம் உண்டு. மாணவர்களோ இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் ‘லெஸ் பால்’ என்னும் வகையையும், மறு சாரார் ‘எஸ்.ஜி.’ என்னும் வகையையும் கேட்கின்றனர். இரண்டும் அமெரிக்க நாட்டுக் கிப்சன் தொழிலகம் வகுத்தவை. அதன் கிளைப்பெயராகிய எப்பிஃபோன் என்பதன்கீழ், ஆசியாவில் செய்யப்பெற்று, குறைந்த விலைக்கும் வருபவை. விலையும் ஏறத்தாழ ஒன்றே. “இவற்றின் ஒலியில் உண்மையாகவே வேறுபாடு உண்டா? இல்லையெனில் எதைப் பார்த்து வாங்குவது? வாங்கியபின் மாற்ற இயலாது, ஆகவே பிழைபடக்கூடாது” என்பது அவர் கேள்வி.

இசைப் பயிற்சி இல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளன் இதற்கு விடை கூற முற்படுதல் துணிவென்றே தோன்றலாம். ஆயினும் இவ்வினாவில் இசையைக் காட்டிலும் பௌதிகமே மிகுதி என்பதை உசாவியபின் உணர்ந்தேன். எவை இரண்டிலும் ஒன்றாயுள்ளன, எவை வேறாயுள்ளன என்று முதலில் பிரித்துக்கொண்டால், தேர்வு பெரும்பாலும் தானே நடந்துவிடும்.

ஒன்றன் வழியில் மற்றொன்று

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் தொழிலகம் 1902-இல் நிறுவப்பெற்றது. குடம்போல் உள்ளீடற்ற உடலையுடைய கிதார்களையே அது நெடுங்காலம் செய்துவந்தது. திண்ணிய மரக்கட்டையையே உடலாகக் கொண்ட மின்கிதாரைக் கலிபோர்னியாவின் ஃபெண்டர் தொழிலகம் 1950-இல் விற்பனைக்குக் கொணர்ந்ததும், கிப்சனும் அவ்வழியில் இறங்கியது. புகழ்வாய்ந்த கிதார்க் கலைஞராகிய லெஸ் பால் (1915–2009) என்பாரின் பெயரையே தாங்கி 1952-இல் அதன் முதல் திண்ணுடல் கிதார் வெளிவந்தது. பின்புறம் மகோகனி; முன்புறம் வளைவாகச் செதுக்கிய மேப்பிள்; ஒரு பக்கம் மட்டும் குடைவு. கையில் எடுத்தால் கனமானது.

1950-களின் இறுதியில் இதன் விற்பனை தளர்ந்தது. எனவே 1961-இல் அதே கிதாரின் வடிவத்தைத் தொழிலகம் முற்றிலும் மாற்றியது. மேப்பிள் முகப்பு நீக்கப்பட்டது. உடல் முழுவதும் மெல்லிய மகோகனிப் பலகையாயிற்று. கழுத்தின் இருபுறமும் கொம்புபோல் கூர்ந்த குடைவுகள் அமைந்தன. விளிம்புகள் சாய்வாகச் சீவப்பெற்றன. விந்தை யாதெனில், இப்புது வடிவமும் சில ஆண்டுகள் ‘லெஸ் பால்’ என்றே விற்கப்பட்டது. பின்னர் அவர் பெயர் நீக்கப்பட, 1963 முதல் ‘எஸ்.ஜி.’ என்னும் பெயர் நிலைத்தது. ‘சாலிட் கிடார்’, அதாவது திண்ணுடல் கிதார், என்னும் சொற்களின் முதலெழுத்துகளே அவை. பழைய வடிவத்தை மக்கள் மீண்டும் விரும்பவே 1968-இல் அதுவும் திரும்பி வந்தது. ஆக, ஒன்றை விலக்க வந்த மற்றொன்று அதனோடு உடனுறைந்து வாழலாயிற்று.

எரிக் கிளாப்டன் 1966-இல் ஜான் மேயலின் குழுவுடன் வெளியிட்ட இசைத்தட்டில் லெஸ் பால் வகையை வாசித்தார். அடுத்த ஆண்டே ‘கிரீம்’ குழுவில் எஸ்.ஜி. வகையை வாசித்தார். கேட்டவர்கள் இரண்டையும் அவருடைய இசையாகவே கொண்டனர். டோனி அயோமியும் ஆங்கஸ் யங்கும் எஸ்.ஜி.யால் அறியப்பட்டவர்கள், ஜிம்மி பேஜ் லெஸ் பாலால் அறியப்பட்டவர். மாணவர்களின் கட்சிப்பிரிவுக்கு வேர் இத்தகைய சுவரொட்டிப் படங்களே என்று நினைக்கிறேன். அதில் தவறொன்றுமில்லை, அது தேர்வுக்கு அளவுகோல் ஆகாது என்பது தவிர.

கேட்கும் செவி எங்கே உள்ளது?

வீணையில் தந்தியின் அதிர்வு குதிரையின் வழியே குடத்துக்குச் சென்று, குடம் காற்றை அசைத்து ஒலியெழுப்புகிறது. ஆகவே அங்கு மரமே ஒலியின் பெரும்பகுதி. மின்கிதாரில் நிலைமை வேறு. தந்திகளுக்கு அடியில், உடலில் பதித்த ஒரு காந்தச் சுருள் உள்ளது. அதுவே அக்கருவியின் செவி. இதனைத் தமிழில் ‘அதிர்வேற்பி’ எனப் பெயர்க்கலாமா என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். கடையில் அச்சொல்லைக் கூறினால் எவரும் எடுத்துத் தரமாட்டார் ஆதலின், ‘பிக்கப்’ என்று வழங்குவதையே இங்குக் கையாள்கிறேன்.

காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. பாரடே கண்ட விதிப்படி அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதனைப் பெருக்கியில் செலுத்த ஒலி பிறக்கிறது. எஃகுத் தந்திக்குப் பதிலாக நைலான் தந்தியைப் பூட்டினால், எவ்வளவு வலிந்து மீட்டினும் ஒலிபெருக்கியில் ஒன்றும் கேளாது. மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்க இதனினும் எளிய சான்று வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

சுருள் ‘கேட்பது’ தந்தியின் அசைவை மட்டுமே. மரத்தின் ஒலியை அன்று. தந்தியின் ஆற்றல் எவ்வளவு விரைவாக வெளியே கசிகிறது என்பதை மாற்றும் அளவுக்கே மரமும் உடலும் அதில் பங்கு கொள்கின்றன. அப்பங்கு சிறிது.

இனி, இரு வகைகளின் செவிகளையும் ஒப்பிடுவோம். வழக்கமான அமைப்பில் இரண்டிலும் இரண்டு பிக்கப்புகள். ஒன்று கழுத்தின் முடிவில், மற்றொன்று குதிரையருகே. ஒவ்வொன்றும் இரட்டைச் சுருளாலானது. ஒவ்வொரு சுருளிலும் தலைமயிரையொத்த நுண்ணிய செப்புக்கம்பி ஏறத்தாழ 5000 சுற்று. இரண்டிலும் நான்கு திருகுகள். மும்முனைத் தெரிவுவிசை ஒன்று. மெட்டுகள், அதாவது ஃபிரெட்டுகள், இரண்டிலும் 22. மேருவிலிருந்து குதிரைவரை தந்தியின் அதிரும் நீளம் இரண்டிலும் 24¾ அங்குலம் என்றே குறிக்கப்பெறுகிறது. நீளம் ஒன்றாகவே, அதே தந்தியை அதே சுருதிக்குக் கூட்டினால் இழுவிசையும் ஒன்று. விரலுக்குத் தோன்றும் இறுக்கமும் ஒன்று. 25½ அங்குல நீளமுள்ள ஃபெண்டர் கிதாரோடு ஒப்பிட்டால் இழுவிசை நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. இவ்விரு வகைகளுக்குள்ளோ அத்தகைய வேறுபாடு இல்லை.

பிக்கப் இருக்கும் இடம் ஏன் முக்கியம்? தந்தி ஒரே சமயத்தில் முழுநீளத்திலும், பாதி பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும் அதிர்கிறது. கழுத்தருகேயுள்ள பிக்கப் குதிரையிலிருந்து ஏறத்தாழ ஆறு அங்குலத்தில், அஃதாவது தந்தி நீளத்தின் காற்பங்கினை ஒட்டி, அமைந்துள்ளது. நான்காம் மேற்சுரத்துக்கு அவ்விடம் கணு. அங்குத் தந்தி அசையாது. இரண்டாம் மேற்சுரத்துக்கோ அதுவே எதிர்க்கணு. குதிரையருகேயுள்ள பிக்கப்பின் கீழ் அடிப்படை அதிர்வு சிறிதாகவும், மேற்சுரங்கள் ஒப்பளவில் மிகுந்தும் இருக்கும். முன்னது உருண்ட ஒலியும் பின்னது கூரிய ஒலியும் தருவதன் காரணம் இதுவே.

இதனை மாணவர்க்குக் காட்டல் எளிது. ஐந்தாம் மெட்டின் மேல் தந்தியை அழுத்தாமல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டுக. நான்காம் மேற்சுரம் மட்டும் எழும். தெரிவுவிசையைக் குதிரைப் பக்கம் வைத்தால் அது தெளிவாகக் கேட்கும். கழுத்துப் பக்கம் மாற்றியதும் மங்கிவிடும். தந்தி அதே அளவே அதிர்கிறது. செவிதான் கணுவில் அமர்ந்திருக்கிறது. லெஸ் பாலிலும் எஸ்.ஜி.யிலும் பிக்கப்புகள் ஏறத்தாழ ஒரே இடங்களில் உள்ளமையால் இச்சோதனை இரண்டிலும் ஒன்றுபோலவே நிகழும். ஒரே தந்தி, ஒரே நீளம், ஒரே வகைச் சுருள், ஒரே இடம் என்னும்போது ஒலி பெரிதும் வேறுபட இடமில்லை.

இரைச்சலும் நிலத்தொடர்பும்

ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் மின்வழங்கலின் இரைச்சல் கேட்கும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 அலைவுகள் உடையது. இரைச்சல் அதனோடு 100 அலைவுகளிலும் எழும். கிதாரின் தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டுச் சுரம் வினாடிக்கு 98 அலைவுகள். இரைச்சல் அச்சுரத்தோடு ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்பதை நுண்செவியர் எவரும் பொறார்.

கிப்சன் தொழிலகத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் உரிமம் கோரி 1959-இல் பெற்ற அமைப்பு இதற்குத் தீர்வாயிற்று. இரு சுருள்களை எதிரெதிர்த் திசையில் தொடுத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துவிடும். தந்தியின் அதிர்வோ, முனையும் திசையும் இரண்டும் மாறியமையால், ஒன்றோடொன்று கூடும். இரண்டு மறுப்பு ஓர் உடன்பாடு என்னும் இலக்கண விதியை இங்கு நினைவுகூரலாம். 1957 முதல் லெஸ் பாலிலும், பின்னர் எஸ்.ஜி.யிலும் இவை பொருத்தப்பெற்றன. இரு பெயர்களிலும் ஒற்றைச் சுருள் பூண்ட வகைகளும் விற்கப்படுகின்றன. பழைய மின்கம்பி இணைப்புகள் உள்ள பள்ளிக்கு இரட்டைச் சுருளே ஏற்றது.

எதை வாங்கினும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு. கிதாரின் தந்திகள் கம்பியின் வழியே பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. பெருக்கிக்கு முறையான நிலத்தொடர்பு, அதாவது எர்த், இல்லாமல், உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், வாசிப்பவர் கையிலுள்ள தந்தியே மின்னேறிய கம்பியாகிவிடும். நிலத்தொடர்பு அறுந்த ஒலிவாங்கியும் அவ்வாறே. ஸ்காட்லாந்துக் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சி நகர மேடையில் இத்தகைய ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார். மூன்று முள் செருகியின் நிலமுள்ளை ஒடித்து இருதுளைச் சுவர்ப்பொருத்தியில் செருகும் வழக்கம் நம் பள்ளிகளில் அரிதன்று. கிதார் வாங்குமுன் மின்பணியாளரை அழைத்து இதைச் சீர் செய்தல் வேண்டும்.

கண்ணை மறைத்து ஒரு சோதனை

தில்லியிலுள்ள இசைக்கருவிக் கடை ஒன்றில் எப்பிஃபோன் லெஸ் பாலும் எஸ்.ஜி.யும் அருகருகே தொங்கின. சகோதரியின் மகன் கிதார் வாசிப்பவன், அவனுடன் சென்றேன். கையில் பழைய செய்தித்தாள் எடைக்குப் போடுவோர் வைத்திருப்பது போன்ற ஒரு தொங்கு தராசும் எடுத்துச் சென்றேன். கடைக்காரர் முதலில் நகைத்தார். பிறகு தாமே ஆர்வம்கொண்டு உதவினார்.

நான் திரும்பி நின்றுகொள்ள, கடைப்பையன் ஒரே பெருக்கியில், ஒரே சிறு பண்ணினைப் பத்து முறை வாசித்தான். ஒவ்வொரு முறையும் எந்தக் கிதார் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தான். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். எனக்கு அடுத்து நின்ற மருமகன் ஏழு முறை சொன்னான். அதில் அவனுக்குப் பெருமிதம். கணக்கு என்ன கூறுகிறது? செவியே இல்லாத ஒருவன் வெறும் ஊகத்தால் பத்து முறை சொல்லும்போது ஏற்படக்கூடிய வகைகள் 1024. அவற்றுள் ஆறோ அதற்கு மேலோ சரியாக அமைவன 386. ஏழோ அதற்கு மேலோ அமைவன 176. ஏழு என்பதும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பில் ஊகத்தாலேயே வரக்கூடியது. ஒன்பதோ பத்தோ சரியாகச் சொன்னால்தான் (1024-இல் 11) செவி உண்மையாகவே வேறுபாட்டைக் கண்டது என்று ஏறக்குறைய நம்பலாம். இதைச் சொன்னதும் மருமகன் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

எங்கள் பத்து முறை எதனையும் நிறுவிவிடாது. இரு குறிப்பிட்ட கருவிகள், இரு சாதாரணச் செவிகள், அவ்வளவே. இம்முறையைப் பள்ளியில் மாணவர்களே செய்து பார்த்தல் நன்று. ஆனால் மூன்று காரியங்களில் கவனம் தேவை. இரு கிதாரிலும் ஒரே தடிமனுள்ள, ஒரே சமயத்தில் மாற்றிய தந்திகள் இருக்கவேண்டும். பழந்தந்திக்கும் புதுத்தந்திக்கும் உள்ள வேறுபாடு, இவ்விரு வகைகளுக்குள்ள வேறுபாட்டினும் பெரிது. பிக்கப்பின் உயரமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அது தந்தியை நெருங்கினால் ஒலி உரத்துவிடும். உரப்பைச் சமனாக்குவதே எல்லாவற்றினும் முக்கியம், ஏனெனில் சிறிதே உரத்த ஒலியை நம் செவி ‘சிறந்த ஒலி’ என்று மயங்கும். கடைகளில் கருவி விற்கும் கலையில் பாதி இதனுள் அடங்கும்.

கண் திறந்திருந்தபோது எங்களுக்கு லெஸ் பாலின் ஒலி ‘கனமாக’வும், எஸ்.ஜி.யின் ஒலி ‘மெலிதாக’வும் பட்டது. கண்ணை விலக்கியதும் அச்சொற்கள் எங்கோ போயின.

தோள் அறியும் வேறுபாடு

தராசு காட்டியது: லெஸ் பால் 4 கிலோ 300 கிராம்; எஸ்.ஜி. 3 கிலோ 100 கிராம். ஒரே வகையிலும் கருவிக்குக் கருவி எடை மாறும். மகோகனியின் அடர்த்தி மரத்துக்கு மரம் வேறாதலின் அது இயல்பே. லெஸ் பாலின் உள்ளே துளையிட்டோ குடைந்தோ எடை குறைத்த வகைகளும் வருகின்றன. எனினும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட வேறுபாடு என்பது சிறிதன்று. இரண்டு மணி நேரம் ஒரே தோளில் தொங்கும்போது, அதுவும் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில், இதனை அலட்சியம் செய்ய இயலாது.

எடை குறைந்ததே நல்லது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். எஸ்.ஜி.யில் உடல் இலேசானது. கழுத்தோ லெஸ் பாலின் கழுத்துக்கு இளைத்ததன்று. மேலும் லெஸ் பாலில் கழுத்து பதினாறாம் மெட்டருகே உடலோடு இணைகிறது. எஸ்.ஜி.யில் இருபதாம் மெட்டையும் ஒட்டி, சிலவற்றில் அதனையும் தாண்டி, இணைகிறது. நீண்ட கழுத்து வெளியே நிற்க, ஈர்ப்பு மையம் கழுத்துப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. தோள்வாரின் முன்குமிழ் ஏறத்தாழ அம்மையத்தின் அருகிலேயே அமைந்துள்ளது. எனவே கையை எடுத்ததும் தோள்வார் தோளில் வழுகி, கழுத்து தரையை நோக்கிச் சாய்கிறது. இடக்கை சுரம் பிடிப்பதோடு கழுத்தைத் தாங்கும் வேலையையும் செய்யவேண்டியதாகும். தொடக்க மாணவனுக்கு இது தீய பழக்கத்தின் வித்து. உட்கார்ந்து வாசிக்கும்போதும் இச்சாய்வு ஓரளவு உண்டு. லெஸ் பாலின் கனத்த உடலோ தொடையில் அசையாது அமர்கிறது.

வகுப்பில் திருப்புத்திறன் பாடம் நடத்துகையில் ஓர் அளவுகோலின் ஒரு முனையில் களிமண்ணை ஒட்டி, இரு இடங்களில் நூல் கட்டி, வழவழப்பான பென்சிலின்மேல் தொங்கவிட்டு இதைக் காட்டலாம். களிமண்ணின் இடத்தை மாற்ற, கோலின் சாய்வும் மாறும். பென்சிலில் துணி சுற்றினால் உராய்வு மிகுந்து கோல் வழுகாது நிற்கும். எஸ்.ஜி.க்குரிய பரிகாரமும் அதுவே: உட்புறம் சொரசொரப்பான, நான்கு விரல் அகலமுள்ள தோள்வார். வழவழப்பான நைலான் வாரை இதற்குத் தருதல் தகாது.

எட்டும் தூரத்திலும் வேறுபாடு உண்டு. கழுத்து வெளியே தள்ளி நிற்பதால், எஸ்.ஜி.யில் முதல் மெட்டு வாசிப்பவரின் உடலைவிட்டு ஓரிரு அங்குலம் அப்பால் செல்கிறது. தொடக்கப் பாடங்கள் யாவும் முதல் மூன்று மெட்டுகளிலேயே நடப்பவை; கை குட்டையான பிள்ளைக்கு அது தொலைவு. மாறாக, உயர் சுரங்களை நாடும் தேர்ந்த கைக்கு எஸ்.ஜி.யில் இருபத்திரண்டாம் மெட்டுவரை தடையே இல்லை. லெஸ் பாலில் பதினேழாம் மெட்டுக்கு மேல் விரல் செல்லும்போது உள்ளங்கை கட்டையில் முட்டும்.

வகையைப் பார்த்தபின் கருவியைப் பார்க்க

வகையைத் தீர்மானித்தபின்னும் ஒரே வகையின் இரு கருவிகள் தம்முள் மாறுபடும். கடையில் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுக. சில இடங்களில் சுரம் சட்டென்று இறந்துவிடும். கழுத்து அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து தந்தியின் ஆற்றலை விழுங்குவதே காரணம். நீண்டு நெகிழ்ந்த எஸ்.ஜி. கழுத்தைச் சற்று இழுத்தாலே சுருதி அசையும். ஆகவே இச்சோதனை அதற்கு இன்னும் தேவை. இரண்டிலும் ஓரிரு மந்த இடங்கள் இருத்தல் இயல்பு. மாணவர் அடிக்கடி தொடும் தாழ்ந்த மெட்டுகளில் அவை இல்லாத கருவியைக் கொள்க.

பிறகு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்தி நடுவே நோக்குக. மெல்லிய இடைவெளி காணப்படவேண்டும். கழுத்தினுள் ஓடும் எஃகுக் கோலைத் திருகி இவ்வளைவைச் சரிசெய்யலாம். இவ்வமைப்புக்குக் கிப்சன் பணியாளர் தாடியஸ் மக்யூ 1923-இல் உரிமம் பெற்றார். மழைமிக்க மேகாலயத்தில் ஆண்டுக்கு இருமுறையேனும் இதற்கு வேலையிருக்கும். கோலைத் திருப்பும் சாவி பெட்டியில் உள்ளதா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

பிரடைகள் உள்ள தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும், மேருவின் பின்னே கோலின் நுனிக்காக மரம் குடையப்பெற்றிருப்பதும் இரண்டுக்கும் பொதுவான பலவீனம். சுவரில் சாய்த்து வைத்த கிதார் வழுகி விழுந்தால் அங்கேதான் முறியும். தாங்கி ஒன்று வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்க. அமெரிக்கக் கிப்சன் கருவிகளின் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு, தாங்கியின் ரப்பர் நுரை பட்டால் கரைந்து ஒட்டும். பருத்தித் துணி சுற்றினால் போதும்.

வனத்துறைக் களப்பணியாளர்க்கு ஒரு செய்தி. இக்கிதார்களின் விரற்பலகைக்கு முன்னர் பிரேசில் நாட்டு ஈட்டி மரம் பயன்பட்டது. அம்மரத்தின் பன்னாட்டு வாணிகம் 1992-இல் ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பெற்றது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் தோதகத்தியாகிய இந்திய ஈட்டி அதற்கு மாற்றாக நெடுங்காலம் சென்றது. 2011-இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிலகத்தைச் சோதனையிட்டபோது கைப்பற்றியவற்றுள் இந்தியாவிலிருந்து சென்ற பலகைகளும் இருந்தன. 2012-இல் 3 இலட்சம் டாலர் தண்டத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அதில் மடகாஸ்கர் கருங்காலியே முதன்மையாகப் பேசப்பட்டது. 2017-இல் ஈட்டிக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2020 முதல் வந்த எப்பிஃபோன்கள் பலவற்றில் விரற்பலகை ‘இந்தியன் லாரல்’ என்று குறிக்கப்பெறும். அது வேறொன்றுமன்று, நம் காட்டுக் கருமருதே. தன் வட்டத்தில் எண்ணிட்டு வரும் மரம் எங்கெல்லாம் சென்று பாடுகிறது என்று அறிவதில் ஒரு வனக்காவலருக்கு மகிழ்ச்சி இராதா?

இனி, ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை. வகுப்பறையில் உட்கார்ந்து பயில்வதே பெரும்பகுதியாயின், எடை குறைத்த லெஸ் பாலையே பரிந்துரைப்பேன். அது மடியில் நிலையாக அமரும்; முதல் மெட்டு அருகில் இருக்கும்; எடையைத் தொடை தாங்கிக்கொள்ளும். ஆனால் அவர் தம் கடிதத்தின் பின்புறத்தில் வேறு மையால் ஒரு வரி சேர்த்துள்ளார். ஞாயிறுதோறும் பாடற்குழுவிலும், பள்ளி விழாக்களிலும் பிள்ளைகள் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் வாசிப்பார்களாம். அவர்களுள் மிகத் திறமையானவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் மெலிந்த சிறுமியாம். அவ்வாறாயின் எஸ்.ஜி.யையே வாங்குக. எட்டுந்தூரம் ஓராண்டு வளர்ச்சியில் சரியாகிவிடும். சாய்வை அகன்ற தோள்வார் தடுக்கும். 4 கிலோ 300 கிராமுக்கு அத்தகைய பரிகாரம் இல்லை. ஆணை அனுப்புமுன் அச்சிறுமியையே கடைக்கு அழைத்துச் சென்று, கிதாரைத் தோளில் மாட்டி, கால் மணி நேரம் நிற்கவைத்துப் பார்த்தல் நலம். தோள்வாரைக் கடையிலேயே வாங்கிக்கொள்க. கருவியோடு இலவசமாக வருவது பெரும்பாலும் வழுக்குவதாகவே இருக்கும்.